யூனிகோட் ஜெயித்தது சிறந்தது என்பதாலா?

இழையைத் தொடங்கியவர், 11.01.2025

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலர்கள் பதினான்கு குறுந்தகடுகளில் கிடக்கின்றன, எல்லாம் பாமினி எழுத்துரு. யூனிகோடுக்கு (உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே எண் பட்டியல்) மாற்றலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது ஒரு வாக்குவாதம் வந்தது. நான் சொன்னது: தொண்ணூறுகளில் எந்த எழுத்தைக் கணினி எந்த எண்ணாகச் சேமிப்பது என்பதற்கு ஆளுக்கொரு எழுத்துக் குறியீடு வைத்திருந்தார்கள், போட்டி நடந்தது, கடைசியில் எது சிறந்ததோ அது வென்றது. அரசு நடுவில் புகுந்து குழப்பாமல் இருந்திருந்தால் இன்னும் சீக்கிரம் வென்றிருக்கும். சரிதானே?

11.01.2025, இரவு

சரியில்லை. இரண்டு பாதியும் சரியில்லை. இரண்டாவது பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

போட்டி எப்படி இருந்தது என்பதைக் கிட்டே இருந்து பார்த்தவன் நான். 2000 வாக்கில் ஒரு டிடிபி மையத்தில் வேலை. காலையில் கடையைத் திறந்ததும் மின்னஞ்சலில் வந்த கோப்புகளைத் திறப்பேன். திரையில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று நிற்கும். பாமினியில் அதுதான் 'அம்மா'. பாமினி எழுத்துருவைப் போட்டால் அம்மா வந்துவிடுவாள். அதே வரிக்கு வேறொரு எழுத்துருவைப் போட்டால் வேறு ஏதோ சொல் வரும், சில சமயம் சபையில் சொல்ல முடியாத சொல். அடுத்த கோப்பு திஸ்கி என்ற வேறொரு குறியீட்டில் இருக்கும். எழுத்துரு இல்லாமல் திறந்தால் தலையில் தொப்பியும் காலில் வாலுமாக ஐரோப்பிய எழுத்துகள் அணிவகுத்து நிற்கும். எந்த எழுத்துருவில் அடித்தார் என்று அனுப்பியவருக்கே தெரியாது. போன் போட்டுக் கேட்டால் "தமிழ்லதாங்க அடிச்சேன்" என்பார். எந்த வாடிக்கையாளர் எந்த எழுத்துரு என்று எழுதிவைக்க ஒரு நோட்டே தனியாக வைத்திருந்தோம், அந்த நோட்டு தொலைந்த வாரம் கடையில் பாதி வேலை நடக்கவில்லை.

இந்த இடத்தில் 'எது சிறந்தது' என்ற கேள்விக்குப் பாதி உயிர்தான் இருக்கிறது. நான் போட்டிருக்கும் சட்டை எனக்குப் பிடித்திருந்தால் போதும், ஊரில் மற்றவர்கள் என்ன போட்டிருக்கிறார்கள் என்பதால் அது கிழியப்போவதில்லை. எழுத்துக் குறியீடு அப்படியில்லை. உலகத்திலேயே அழகான குறியீட்டை நான் ஒருவன் மட்டும் வைத்திருந்தால் அதற்குப் பெயர் ரகசிய எழுத்து. எத்தனை பேர் வைத்திருக்கிறார்களோ அதுதான் அதன் பெறுமதி. பொருளாதாரக்காரர்கள் இதை நெட்வொர்க் விளைவு என்கிறார்கள். காட்ஸ், ஷபிரோ என்ற இருவர் 1985ல் எழுதிய கட்டுரையில் இதன் அடிப்படைக் கணக்கு இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்த விஷயம் எதிர்பார்ப்புக்கு அவர்கள் கொடுக்கும் இடம். நான் எதைத் தேர்ந்தெடுப்பேன் என்பது எனக்கு எது பிடிக்கிறது என்பதைவிட, நீங்கள் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று நான் நினைக்கிறேன் என்பதில் நிற்கிறது. நீங்களும் என்னைப் பார்த்துக்கொண்டு அதையேதான் யோசிக்கிறீர்கள். இப்படி எல்லோரும் அடுத்தவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதில் பத்து வருஷம் போனது.

12.01.2025

நேற்று முக்கியமான ஒன்றை எழுத விட்டுவிட்டேன். 'கடைசியில் சிறந்தது வந்து வென்றது' என்கிறீர்கள். யூனிகோட் கடைசியில் வந்ததல்ல. 1991ல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருக்கிறது. இந்திய மொழிகளுக்கென்று வகுத்த 1988ஆம் ஆண்டின் இஸ்கி அமைப்பை அடியொற்றி 128 இடங்கள் கொண்ட ஒரு கட்டம். திஸ்கி, அரசு அறிவித்த டாம், டாப் என்ற குறியீடுகள் எல்லாமே அதற்குப் பிறகு பிறந்தவை.

அப்படியானால் சிறந்தது பத்து வருஷம் என்ன செய்துகொண்டிருந்தது? சும்மா இருந்தது. அதைத் திரையில் வரைந்துகாட்ட மென்பொருள் இல்லை. 'கொ' என்பதைக் க, அதன் பின்னால் ஓர் ஒகரக் குறி என்றுதான் யூனிகோட் சேமிக்கும். கொம்பைக் கொண்டுபோய் முன்னால் வைத்து, காலைப் பின்னால் வைத்து வரைகிற வேலை இயங்குதளத்தின் தலையில். விண்டோஸ் 2000ல்தான் அந்த வேலை தமிழுக்கு வந்தது, லதா எழுத்துருவோடு. அதற்கு முன் யூனிகோடில் தமிழ் எழுதுவது கல்யாணப் பத்திரிகை அச்சடித்துவிட்டு மண்டபம் தேடுவது மாதிரி.

வந்த பிறகும் லேசாக வரவில்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் ரீஜனல் ஆப்ஷன்ஸுக்குள் போய் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்று இருக்கும் கட்டத்தில் டிக் போட வேண்டும். போட்டவுடன் விண்டோஸ் குறுந்தகட்டைக் கேட்கும். பிரவுசிங் சென்டரில் போய் அந்தக் குறுந்தகட்டைக் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டிருக்கிறேன். கடைக்காரர் என்னை வைரஸைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

12.01.2025, பிற்பகல்

'திஸ்கின்னா என்ன' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வயதாகிவிட்டது எனக்கு. எட்டு பிட் குறியீடு. முதல் 128 இடத்தில் வழக்கமான ஆங்கில எழுத்துகள், மேல் 128ல் தமிழ். பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் குழுவில் சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடி சண்டை போட்டு உருவாக்கியது. மதுரைத் திட்டம் 1998ல் தொடங்கியபின் சங்க இலக்கியத்தை எல்லாம் அதில்தான் ஏற்றினார்கள், பிறகு யூனிகோடுக்குப் போனார்கள். சம்பளம் வாங்காத மனிதர்கள்.

14.01.2025

பொங்கல் விடுமுறை, நிறைய எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரசு விஷயம். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு. அதையொட்டித் தமிழ்நாடு அரசு தரம் அறிவித்தது. ஒரு தரம் வேண்டும் என்று கூடி இரண்டு தரத்தோடு எழுந்தார்கள்: தமிழ் மட்டும் கொண்ட டாம், ஆங்கிலமும் சேர்ந்த டாப். காரணம் இல்லாமலில்லை. அச்சுக்காரர்களுக்கு எழுத்து அழகாக வர அதிக இடம் வேண்டும், அது டாமில் கிடைத்தது. மின்னஞ்சல் அனுப்புகிறவனுக்கு ஆங்கிலமும் வேண்டும், அது டாப். இரண்டு தரப்பையும் திருப்திப்படுத்தினார்கள். ஏற்கெனவே திஸ்கியில் இருந்தவர்கள் நகரவில்லை, பாமினிக்காரர்களுக்குச் சேதியே போகவில்லை. எங்கள் கடையில் என்ன நடந்தது என்றால், நோட்டில் இரண்டு பத்தி கூடியது.

அதனால் 'அரசு புகுந்தால் குழப்பம்' என்று முடிவுகட்டிவிடலாமா? அதற்கு முன் 1978ஐப் பாருங்கள். பெரியார் 1930களிலிருந்தே தம் ஏட்டில் எழுதிவந்த சீர்திருத்த எழுத்தைத் தமிழ்நாடு அரசு அந்த ஆண்டு ஆணை போட்டு ஏற்றது. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வரிசை, ணை, லை, ளை, னை என்று மொத்தம் 13 எழுத்துகள். பழைய துதிக்கை லையும் சுழித்த ணாவும் போயின. இன்று பள்ளிப் பிள்ளைக்குப் பழைய லையைக் காட்டினால் யானை வரைந்திருக்கிறீர்களா என்று கேட்கும். அந்த ஆணை வென்றது. ஏன்? பாடநூல் அச்சடிப்பது அரசு. மிகப் பெரிய பயனரே ஆணை போடுகிறார். ஒரு வகுப்புப் பிள்ளைகள் புதிய எழுத்தில் படித்து வெளியே வந்தால் பத்திரிகைக்காரன் தானாகப் பின்னால் வருவான். 1999ல் அரசு எந்த வலையிலும் பெரிய ஆளாக இல்லை. அரசு அலுவலகக் கணினிகளே பாதி வானவில் என்ற வேறொரு எழுத்துருவில் ஓடிக்கொண்டிருந்தன.

ஸ்வீடன் கதையும் இதே சாதிதான். 1967 செப்டம்பர் 3, ஞாயிறு, காலை ஐந்து மணிக்கு நாடு முழுவதும் இடப்பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் வலப்பக்கம் மாறினார்கள். 1955ல் நடந்த வாக்கெடுப்பில் எண்பது சதவீதத்துக்கு மேல் மக்கள் வேண்டாம் என்று சொன்ன மாற்றம் அது. ஆனால் அந்தக் காலை ஆறு மணிக்கு 'எனக்குப் பழையதுதான் பிடிக்கும்' என்று இடப்பக்கம் ஓட்டுகிறவனுக்கு எதிரே லாரி வரும். ஒரே நேரத்தில் எல்லோரையும் நகர்த்த முடிந்தால் ஒவ்வொருவர் விருப்பமும் கரைந்துவிடுகிறது. நகர்த்த முடியாவிட்டால் அறிவிப்பு வெறும் தாள்.

14.01.2025, இரவு

மேலே ஒருவர் என்னை மடக்கியிருக்கிறார், நியாயமாகவே. 1978ல் தனியார் பத்திரிகைகள் பழைய லையை விட்டு மாறப் பல வருஷம் எடுத்துக்கொண்டன, அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, அதுவும் ஸ்வீடனும் எப்படி ஒரே சாதி என்கிறார்.

ஆமாம், ஒரே சாதியில்லை. காலையில் அவசரமாகச் சேர்த்துக் கட்டிவிட்டேன். பழைய லையில் படித்த கண்ணால் புதிய லையை வாசிக்க முடியும். ஒரு பக்கம் வாசித்தால் பழகிவிடும். மாற்றி, அதாவது ஒன்றை இன்னொன்றாக ஆக்கித்தரும் கருவி, என்ற பொருளை வாசகன் மண்டைக்குள்ளேயே இலவசமாக வைத்திருக்கிறான். ஆகவே இரண்டும் அருகருகே வாழலாம், மெதுவாக மாறலாம். சாலையில் இரண்டும் அருகருகே வாழ முடியாது. பாமினிக்கும் திஸ்கிக்கும் நடுவில் மனிதக் கண் உதவாது, எம்மும் கேயும் அரைப்புள்ளியும் அம்மாவாக மாற மென்பொருள்தான் வேண்டும். ஆக, எழுத்துச் சீர்திருத்தம் சுலபமாக வென்றதில் பாடநூலுக்குப் பாதிப் பங்கு, நம் கண்ணுக்குப் பாதிப் பங்கு. காலையில் எழுதியதை அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

15.01.2025

விசைப்பலகையைக் கொண்டுவந்து இதில் போட்டுக் குழப்பாதீர்கள் ஐயா. நான்கு பேர் 1999 அறிவிப்பில் வந்த தமிழ்99 பலகையா, பழைய தட்டச்சுமுறையா, ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்துத் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பா என்று தனிப் போர் தொடங்கிவிட்டீர்கள். அது வேறு பொருள். நான் எந்தப் பலகையில் அடித்தாலும் உங்கள் திரையில் அதே 'அம்மா'தான் வரும். உங்களுக்குத் தெரியவே போவதில்லை. அங்கே நெட்வொர்க் விளைவு மெலிந்தது, பழக்கம்தான் பெரிது.

ஆனால் தொட்டுவிட்டீர்கள், எனவே என் கதையையும் சொல்கிறேன். பத்து வருஷம் ஒலிபெயர்ப்பில் அடித்தவன் நான். தமிழ்99க்கு மாறியது கை வலியால். 12 உயிர் இடக்கைக்கு, 18 மெய்யில் பெரும்பாலானவை வலக்கைக்கு, அப்புறம் ஒரு புள்ளி, 31 விசை. அம்மா அடிக்க அ, ம, ம, ஆ, நான்கே தட்டு, நடுப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். முதல் இரண்டு வாரம் ஒரு கடிதம் அடிக்க அரை நாள் ஆனது, அழுகையே வந்தது. மூன்றாவது மாதம் பழைய வேகம், அப்புறம் அதற்கு மேல். அந்த மூன்று மாதத்தில் ஒருவரிடமும் நான் அனுமதி கேட்கவில்லை, ஒருவரும் என்னோடு சேர்ந்து மாறவும் இல்லை. எழுத்துக் குறியீட்டில் இப்படித் தனியாளாக மாறியிருந்தால் என் கடிதத்தை யாரும் வாசித்திருக்க முடியாது. 1999 அறிவிப்பில் டாமும் டாப்பும் போய்த் தமிழ்99 மட்டும் இன்றும் பிழைத்திருப்பதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

வழக்கமான ஆங்கில விசைப்பலகையான குவர்ட்டியிடம் அதைவிடச் சிறந்த துவோராக் பலகை தோற்றது என்ற கதையைச் சொல்லியிருந்தவருக்கு: பால் டேவிட் 1985ல் எழுதியபோது அவர் அழுத்தியதும் தட்டச்சாளரின் பயிற்சியையும் அதைக் கூலிக்கு எடுக்கும் முதலாளியின் கணக்கையும்தான். லீபோவிட்ஸும் மார்கோலிஸும் 1990ல் மறுத்தார்கள். துவோராக் அவ்வளவு சிறந்தது என்பதற்கான சான்றே பலவீனம், துவோராக்குக்குச் சாதகமாகக் காட்டும் அமெரிக்கக் கடற்படைச் சோதனையெல்லாம் நம்பத்தக்கதல்ல என்றார்கள். எனக்கு இருவர் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. சிறந்தது தோற்றது என்று சொல்லுமுன் அது சிறந்தது என்று காட்ட வேண்டும், அது வாஸ்தவம். வீடியோ நாடாப் போட்டியில் விஎச்எஸ்ஸிடம் தோற்ற பீட்டாமாக்ஸுக்கும் இதைத்தான் சொல்வேன். படம் தெளிவு என்று அதற்காக இன்றும் கண்ணீர் விடுகிறார்கள், முதலில் வந்த நாடாவில் ஒரு மணி நேரம்தான் பதியும் என்பதை மறந்துவிட்டு. விஎச்எஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஒரு படத்தை முழுதாகப் பதிய முடிவதும் தரம்தான்.

18.01.2025

இரண்டு நாளாக ஒரு யோசனை. இவ்வளவு குழப்பம் இருந்தும் 2000க்குப் பிறகு இணையத்தில் தமிழ்ப் பத்திரிகைகள் நன்றாகவே ஓடினவே, எப்படி?

இயங்கு எழுத்துரு. பத்திரிகையின் பக்கத்தைத் திறந்தால் எழுத்துரு தானாக இறங்கி அந்தப் பக்கத்தை மட்டும் காட்டிவிட்டுப் போய்விடும். எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு வகை, நெட்ஸ்கேப்புக்கு ஒரு வகை. வாசகன் எதையும் நிறுவ வேண்டாம். அன்று அதைத் தெய்வம் கொடுத்த வரம் என்று நினைத்தேன், நானே இரண்டு சிற்றிதழ்களுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன்.

இப்போது பார்த்தால் போரை நீட்டித்ததே அந்த வரம்தான் என்று தோன்றுகிறது. ஆளுக்கொரு குறியீடு வைத்திருப்பதன் வலி வாசகனுக்குத் தெரியாமல் போனது, எனவே ஒத்துப்போகவேண்டிய அவசரம் பத்திரிகைகளுக்கு இல்லாமல் போனது. சொந்தக் குறியீடு இருந்தால் அடுத்தவன் செய்தியை நகலெடுக்க முடியாது, அது ஓர் உபரி லாபம் (எங்களிடம் வேலை கொடுத்த ஒருவர் இதை வெளிப்படையாகவே சொன்னார், பெயர் வேண்டாம்). மாற்றியும் இணைப்பானும் மலிவாகக் கிடைத்தால் தரப் போர் முடியும் என்று சாதாரணமாக நினைப்போம். வலியை மட்டும் தணிக்கிற மாற்றி போரை இழுக்கும். பல் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டே ஆறு மாதம் ஓட்டுகிற மாதிரி.

மறைந்திருந்த வலி எங்கே வெளிப்பட்டது என்றால், தேடலில். கூகுள் வந்தபிறகு. எழுத்துருவை இறக்கிக் கண்ணுக்குக் காட்டலாம், தேடுபொறிக்குக் கண் இல்லை. அதற்கு எம்மும் கேயும் அரைப்புள்ளியும்தான் தெரியும். 2003ல் தமிழ் விக்கிப்பீடியா, அதே சமயத்தில் வலைப்பதிவுகள், எல்லாம் யூனிகோடில் தேடலில் வந்து விழுந்தன. ஒரு தனி மனிதரின் வலைப்பதிவு கிடைக்கிறது, பெரிய பத்திரிகை கிடைக்கவில்லை. அதற்கப்புறம்தான் பெரியவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள்.

18.01.2025, சற்று நேரம் கழித்து

ஆகவே தொடங்கியவருக்கு என் பதில் இப்படி. யூனிகோடைத் தமிழர்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்றே நான் நினைக்கவில்லை. எங்கள் சண்டையில் யார் கை ஓங்கியது என்பது கடைசியில் பொருட்டே இல்லாமல் போனது. இயங்குதளமும் தேடுபொறியும் வேறு ஒரு பெரிய வலையில் இருந்தன, சீனம், அரபி, ரஷ்யன் எல்லாம் சேர்ந்த வலை. எங்களுக்குள் ஆயிரம் பேர் திஸ்கி, ஐந்நூறு பேர் டாப் என்று தலை எண்ணிக்கொண்டிருந்தோம். எண்ணவேண்டிய தலைகள் வெளியே இருந்தன.

21.01.2025

டேஸ்16 என்ற குறியீட்டை ஆதரிக்கும் அன்பர் கோபமாக எழுதியிருக்கிறார். 'யூனிகோடில் கி என்ற ஓரெழுத்துக்கு இரண்டு இடம், அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆறு பைட், இது தமிழின் இயல்புக்கே விரோதம், 247 எழுத்துக்கும் தனி இடம் கொடுக்கும் டேஸ்16தான் அறிவியல்' என்று.

கணக்கு சரி. திஸ்கியில் கி இரண்டே பைட், டேஸ்16லும் இரண்டு. 2010ல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தபோது, யூனிகோட் ஓடாத இடத்துக்கு டேஸ்16 என்று அதையும் சேர்த்தே அறிவித்தது (மறுபடி இரண்டு!). உயிர்மெய்யை ஓரெழுத்தாகப் பார்க்கிறது என்பதில் அதன் அழகு எனக்கும் பிடிக்கும். ஆனால் அது உட்கார்ந்திருப்பது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில். அங்கே யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஆகவே எந்தக் கைபேசிக்கும் அது தமிழ் என்று தெரியாது. நீங்கள் டேஸில் எனக்கு எழுதினால் எனக்குத் தெரியப்போவது கட்டம் கட்டமாகத்தான்.

உங்களைக் கிண்டல் செய்யும் யோக்கியதை எனக்கு இல்லை. 2002 வரை திஸ்கிக் கட்சியில் நின்று யூனிகோடுக்கு எதிராக மடலாடல் குழுக்களில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். இடம் அதிகம் பிடிக்கும், வரைவது மெதுவாகும், நம் எழுத்தை நம்மைக் கேட்காமல் யாரோ தீர்மானித்தார்கள். மூன்றும் உண்மைதான். முதல் இரண்டை வன்தட்டு விலையும் வேகமும் தின்றுவிட்டன. மூன்றாவது இன்றும் உண்மை. அதற்கு என்ன செய்வது என்று எனக்கு அன்றும் தெரியவில்லை.

22.01.2025

பர்மியர்களைப் பார்த்தால் நாம் பிழைத்தோம் என்று தோன்றும். அங்கே ஸாஜி என்று ஓர் எழுத்துரு, யூனிகோடின் பர்மியக் கட்டத்திலேயே உட்கார்ந்துகொண்டு அதன் விதியை மீறுவது. விற்ற கைபேசிகளில் எல்லாம் அது, ஆகவே எல்லோரும் அதில். நம்மிடம் திஸ்கி ஒரு மூலை, யூனிகோட் ஒரு மூலை, பார்த்தவுடன் எது எது என்று தெரியும். அங்கே ஒரே எண்ணுக்கு இரண்டு எழுத்து, கணினி ஊகித்துத்தான் சொல்ல வேண்டும். 2019 அக்டோபர் 1ஐ யூனிகோட் நாள் என்று அரசே குறித்து மாற வைத்தது, ஃபேஸ்புக் உள்ளேயே மாற்றியை வைத்தது. ஸ்வீடன் மாதிரியும் நம் மாதிரியும் கலந்து ஒரு முறை.

25.01.2025

இவ்வளவு எழுதிவிட்டு என் அக்கா மகளின் வாட்ஸப்பைப் பார்த்தேன். தமிழில் ஒரு எழுத்துகூட இல்லை, எல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழ். கேட்டால் "இதுதான் மாமா ஈசி" என்கிறாள்.

சிரித்துவிட்டு அப்புறம் யோசித்தேன். தரப் போரில் உண்மையில் ஜெயித்தது தங்கிலீஷ்தானோ? 1995லும் படிக்க முடிந்தது, 2005ல் தமிழ் தெரியாத கைபேசியிலும் படிக்க முடிந்தது, எந்தக் குறுந்தகடும் கேட்கவில்லை. குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்தென்றால் 160, தமிழென்றால் 70, அந்த எழுபதிலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். எழுத்துக்கூட்டலில் ஒரு விதியும் கிடையாது, ழகரத்துக்கு ஆளுக்கொரு வழி, ஆனால் 1978 மாதிரி கண் சமாளித்துக்கொள்கிறது. நாங்கள் திஸ்கியா யூனிகோடா என்று அடித்துக்கொண்ட பத்து வருஷத்தில் ஒரு தலைமுறையின் விரல் அங்கே பழகிவிட்டது. இன்று கைபேசியில் அருமையான தமிழ் விசைப்பலகை இருக்கிறது, பயன் தாமதம். இதை யாரும் தோல்விக் கணக்கில் எழுதுவதில்லை.

02.02.2025

தொடங்கியவர் கேட்ட நடைமுறை விஷயம், மாற்றும்போது கவனிக்கவேண்டியது. என் பழைய கோப்புகளை மாற்றியதில் பட்ட அவஸ்தையிலிருந்து சொல்கிறேன்.

'கொடி' என்று தேடினேன், இருக்கவேண்டியதில் பாதிதான் கிடைத்தது. கண்ணுக்கு எல்லாம் ஒரே கொடி. உள்ளே பார்த்தால் சிலவற்றில் க, ஒகரக்குறி என்று இரண்டு துண்டு, சிலவற்றில் க, கொம்பு, கால் என்று மூன்று துண்டு. இரண்டையும் ஒன்றாகக் கருத வேண்டும் என்று யூனிகோட் விதியே இருக்கிறது, எல்லா மென்பொருளும் மதிப்பதில்லை. மாற்றியபின் ஒருமுறை இயல்பாக்கம் செய்யுங்கள், அதாவது எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள், தீர்ந்துவிடும்.

தீராதது ஔவை. பழைய எழுத்துருவில் ஒ அடித்து ள அடித்தால் ஔ மாதிரியே தெரியும், ஆகவே எல்லோரும் அப்படியே அடித்தார்கள். மாற்றி அதை நேர்மையாக ஒ, ள என்றே மாற்றும். ஒளவை என்று தேடினால் ஒரு பாட்டி, ஔவை என்று தேடினால் இன்னொரு பாட்டி.

இன்னொன்று 'அவர்'. அச்சில் ர் எழுத்துக்குக் கீழே கால் போடாமல் விடும் வழக்கம் பழையது. எனவே கால் குறியோடு புள்ளி வைத்தால் ர் போலவே இருக்கும். அப்படி அடித்த பழக்கம் யூனிகோடுக்குள்ளும் வந்து, இன்றும் செய்தித்தளங்களில் 'அவா்' என்று கிடக்கிறது. சந்தேகம் இருந்தால் இந்தப் பக்கத்திலேயே அவர் என்று தேடிப் பாருங்கள், போன வரியில் நான் போட்டது சிக்காது. மூலக் குறுந்தகட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நான் போட்டேன்.

09.02.2025

முதல் மலரை மாற்றிவிட்டு இழையைத் தொடங்கியவர் கேட்டிருக்கிறார்: 'விளம்பரப் பக்கங்களில் எல்லா முகவரியிலும் சுழயன என்று ஒருவர் வருகிறார், 1998 மலரில் மட்டும் பதினேழு இடத்தில், சங்கத்தில் பழைய உறுப்பினர்களைக் கேட்டும் யாருக்கும் தெரியவில்லை, யார் அவர்?'

அவர் ஆளில்லை. பாமினியில் பெரிய ஆர் 'சு', ஓ 'ழ', ஏ 'ய', டி 'ன'. முகவரியில் ஆங்கிலத்தில் ரோடு என்று அடித்திருந்ததையும் உங்கள் மாற்றி மென்பொருள் தமிழ் என்று நினைத்து மாற்றிவிட்டது.